அம்மா, பாட்டி நினைவும் யூத வழக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதக் குடும்பத்தில் தாய் இறந்தால் துக்கத்துக்குப் படிகள் உண்டு. அடக்கம் வரை ஒன்று, பிறகு ஏழு நாள், முப்பது நாள், பன்னிரண்டு மாதம், அதற்கப்புறம் ஆண்டுக்கு ஒரு நாள். என்ன செய்வது என்பதைவிட எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் குழப்பம் அதிகம். அதனால் கீழே எல்லா இடத்திலும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறோம்: அம்மா 2025 மார்ச் 10, திங்கள்கிழமை காலையில் காலமானார், அன்று சூரியன் மறையும் முன்பே அடக்கம். எபிரேய நாள்காட்டியில் அது 5785ஆம் ஆண்டு அதார் மாதம் 10.

மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழியினர் அஷ்கெனாசிகள். ஸ்பெயினிலிருந்து வெளியேறிய வழியினர் செஃபார்திகள். மத்தியக் கிழக்கு யூதர்களையும் பொதுவாக இவர்களோடு சேர்த்துச் சொல்வார்கள். வழக்கம் மாறும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறோம். குடும்பத்தின் ரப்பி (யூத மதகுரு) வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே கணக்கு.

யாருக்கெல்லாம் துக்கம் கட்டாயம்? பேரப்பிள்ளைகளுக்கு உண்டா?

அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்த ஆண், உடன்பிறந்த பெண், கணவன் அல்லது மனைவி. இந்த ஏழு உறவுகளில் ஒருவர் இறந்தால்தான் விதிப்படி துக்கம். பாட்டி எடுத்து வளர்த்த பேத்தியாக இருந்தாலும் விதி அவளைக் கட்டுப்படுத்தாது. கேட்பவர்களுக்கு இது கொஞ்சம் மனத்தாங்கலாக இருக்கும். நடைமுறையில் இதுதான் வசதி: துக்கம் காப்பவர்கள் வெளியே போகக் கூடாது, சமைத்துப் பரிமாறக் கூடாது. அந்த ஏழு நாளும் கடைக்குப் போவது, தொலைபேசி எடுப்பது, வந்தவர்களைக் கவனிப்பது எல்லாம் பேரன் பேத்திகள் கையில்தான்.

விளக்கேற்றுவது, தருமம் செய்வது, பாட்டி பெயரில் வேதம் படிப்பது ஆகியவற்றுக்குத் தடை ஏதுமில்லை. பிள்ளைகளால் முடியாதபோது, இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் என்ற துதியைப் பேரன் சொல்லலாம். ஆனால் அவனுடைய பெற்றோர் உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெற்றோர் இருக்கும்போது கதீஷ் சொல்வதைப் பல குடும்பங்களில் அபசகுனமாக நினைப்பார்கள்.

அடக்கத்துக்கு முன் உடலை யார் கழுவுகிறார்கள்?

ஹெவ்ரா கதீஷா என்ற தன்னார்வக் குழு. பெண்ணுக்குப் பெண்கள் மட்டுமே. பெற்ற பிள்ளைகள் இதில் கைவைக்கும் வழக்கம் இல்லை. நகைகளைக் கழற்றி, நகப்பூச்சை அழித்து, நகக்கண்ணிலுள்ள அழுக்கை எடுப்பார்கள். உடல் முழுக்க மூடியே இருக்கும். கழுவும் பகுதி மட்டும் திறக்கப்படும். உடலுக்குக் குறுக்கே எந்தப் பொருளையும் கைமாற்ற மாட்டார்கள், சுற்றிப் போய்த்தான் கொடுப்பார்கள்.

அதன் பிறகு தஹாரா, அதாவது தூய்மைச் சடங்கு. ஒன்பது காவ் அளவு தண்ணீர், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 20 முதல் 24 லிட்டர், இடைவிடாமல் ஊற்ற வேண்டும். ஒரே வாளியில் அவ்வளவையும் தூக்க முடியாது. அதனால் இரண்டு மூன்று வாளிகளில் பிரித்து வைத்து, முதல் வாளி தீர்வதற்குள் அடுத்ததைச் சாய்க்கத் தொடங்குவார்கள். நடுவில் நீரோட்டம் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உடுத்துவது வெள்ளை லினன் அல்லது பருத்தி ஆடை. பை கிடையாது. நாடாக்களை முடிச்சுப் போடாமல் முறுக்கிச் சுருக்காக மட்டும் விடுவார்கள். பணக்காரிக்கும் ஏழைக்கும் ஒரே உடைதான். அம்மாவுக்குப் பிடித்த புடவையோ கவுனோ போட்டு அனுப்பும் பேச்சே இல்லை. கடைசியில் இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, ஏதேனும் குறை நேர்ந்திருந்தால் மன்னிக்கும்படி கேட்பார்கள்.

இஸ்ரேலில் பெரும்பாலும் பெட்டி இல்லாமல் அந்த ஆடையோடே அடக்கம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆணி அடிக்காத சாதாரண மரப்பெட்டி.

ஏன் இவ்வளவு அவசரமாக அடக்கம் செய்கிறார்கள்?

உடலைக் காத்திருக்க வைப்பது அவமதிப்பு என்பது நம்பிக்கை. எருசலேமில் இரவிலேயேகூட அடக்கம் நடக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டுமென்றால் தள்ளிவைக்கலாம். வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை வரை நீளும் ஓய்வுநாளான சபாத்தில் அடக்கம் கிடையாது. எரியூட்டுவதை மரபுச் சட்டம் ஏற்பதில்லை.

சட்டையைக் கிழித்துக்கொள்வது அம்மாவுக்கு மட்டும் வேறு மாதிரியா?

அம்மாவுக்கு மட்டுமல்ல, பெற்றோர் இருவருக்குமே வேறு மாதிரிதான். தாய்க்கும் தந்தைக்கும் இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே, குறைந்தது ஒரு கையகலம், அதாவது சுமார் 8 செ.மீ. மற்ற உறவுகளுக்கு வலது பக்கம். மற்றவர்களுக்காகக் கிழித்ததை ஏழு நாள் கழித்துப் பெரிய தையலாகப் போட்டு, முப்பது நாள் கழித்து ஒழுங்காகத் தைத்துவிடலாம். பெற்றோருக்காகக் கிழித்ததை முப்பது நாளுக்குப் பின் பெரிய தையலாகப் போடலாமே தவிர, ஒருபோதும் சரியாகத் தைக்கக் கூடாது. பெண்கள் மானம் கருதி உடனே ஊசி குத்திக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் பலர் சட்டைக்குப் பதிலாக ஒரு கறுப்பு ரிப்பனைக் குத்தி அதை வெட்டுகிறார்கள். மரபுச் சட்டப்படி அது போதாது. விலை உயர்ந்த கோட்டு போட்டுக்கொண்டு போய்க் கடைசி நேரத்தில் தயங்குவதைவிட, பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போவது நல்லது.

ஷிவா ஏழு நாளை எப்படி எண்ணுவது?

இறந்த நாளிலிருந்து அல்ல, அடக்க நாளிலிருந்து. சூரியன் மறையும் முன் வீட்டுக்கு வந்து சிறிது நேரம் உட்கார்ந்தாலும் அது முதல் நாள். ஏழாம் நாளில் காலைப் பொழுது கொஞ்சம் போனாலே முழு நாளாகக் கணக்கு. நம் உதாரணத்தில் திங்கள் முதல் நாள், மார்ச் 16 ஞாயிறு காலைத் தொழுகை முடிந்ததும் ஷிவா முடிந்தது. முப்பது நாளான ஷ்லோஷிம் அதே முறையில் ஏப்ரல் 8 காலையில் முடியும்.

நடுவில் வரும் சபாத் எண்ணிக்கையில் சேரும், ஆனால் அன்று வெளிப்படையான துக்கம் இல்லை. நல்ல உடை உடுத்தித் தொழுகைக்குப் போவார்கள். பஸ்கா போன்ற பெரிய பண்டிகை வந்தால் ஷிவா அத்தோடு ரத்து. அடக்கம் முடிந்து ஒரு மணி நேரம்தான் உட்கார்ந்திருந்தாலும் ரத்துதான். அடக்கமே பண்டிகையின் நடு நாள்களில் நடந்தால் பண்டிகை முடிந்த பிறகே ஷிவா தொடங்கும். பூரிம், ஹனுக்கா என்ற சிறு பண்டிகைகள் இரண்டுக்கும் ரத்து செய்யும் வலிமை இல்லை. நம் உதாரணத்தில் மார்ச் 14 பூரிம். ஷிவா அப்படியே தொடரும்.

வீட்டில் ஏழு நாள் எரியும் மெழுகுவர்த்தி, துணி போட்டு மூடிய கண்ணாடிகள், தாழ்வான இருக்கைகள். தோல் செருப்பு இல்லை, சவரம் இல்லை, சுகத்துக்காகக் குளிப்பது இல்லை. கல்லறையிலிருந்து வந்ததும் முதல் சாப்பாட்டைச் சொந்த வீட்டுச் சாமானில் சாப்பிடக் கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவருவது வேகவைத்த முட்டை, பருப்பு, வட்ட ரொட்டி.

நண்பரின் அம்மா காலமாகிவிட்டார், ஷிவா வீட்டுக்குப் போகிறேன். என்ன கொண்டுபோவது, எப்படி நடந்துகொள்வது?

பூ, மாலை, மலர்வளையம் வேண்டாம். சமைத்த சாப்பாடு கொண்டுபோவதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சைவம்தானே என்று வீட்டுச் சாம்பார் சாதத்தைக் கொண்டுபோனால் கோஷர் எனும் யூத உணவு விதியைக் காக்கும் வீட்டில் அதை வைக்க முடியாது. பொருள் சைவமாக இருந்தாலும் சமைத்த பாத்திரமும் அடுப்பும் கோஷர் அல்ல. வெட்டாத முழுப் பழங்கள், அல்லது கோஷர் முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலம் போதும். வந்தவர்கள் பயன்படுத்தக் காகிதத் தட்டு, டம்ளர் வாங்கிப்போனால் அவர்களுக்குப் பெரிய உதவி.

கதவு பூட்டாமல் இருக்கும், மணி அடிக்காமல் உள்ளே போங்கள். வணக்கம், ஷாலோம் எதுவும் சொல்ல வேண்டாம். துக்கம் காப்பவர் பேசத் தொடங்கும் வரை நீங்களும் பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்திருப்பது அங்கே மரியாதைக் குறைவல்ல. அவர் பேச ஆரம்பித்தபின், "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். பெரும்பாலான வீடுகளில் மேசைமேல் புகைப்படத் தொகுப்பு இருக்கும், அதைப் புரட்டிப் பார்ப்பது பேச்சுக்கு நல்ல தொடக்கம். படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்பதை எதிர்பார்க்காதீர்கள்.

கட்டுப்பாடான குடும்பத்தில் எதிர்பாலாருக்குக் கைகொடுக்க வேண்டாம். தொழுகை நேரத்தில் ஆண்கள் தலையை மூடிக்கொண்டு, மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும். கிளம்பும்போது, நம் ஊர்த் துக்க வீட்டில் போலவே, "போயிட்டு வரேன்" இல்லை. "சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துயருறும் எல்லாரோடும் கடவுள் உங்களுக்கு ஆறுதல் தருவாராக" என்பது அவர்கள் சொல்லும் வாசகம். அது வராவிட்டால் அமைதியாகத் தலையசைத்துவிட்டு வரலாம். சபாத் அன்று போக வேண்டாம்.

கதீஷ் என்றால் என்ன? ஏன் பதினொரு மாதம்?

கடவுளின் பெயரைப் புகழும் அரமேய மொழித் துதி. அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. தனியாகச் சொல்ல முடியாது. மின்யான், அதாவது வயதுவந்த பத்து யூதர் கூடிய சபை வேண்டும். மரபு வழுவாத ஆர்த்தடாக்ஸ் பிரிவில் பத்தும் ஆண்கள், மாற்றங்களை ஏற்கும் கன்சர்வேடிவ், ரிஃபார்ம் பிரிவுகளில் பெண்களும் எண்ணிக்கையில் உண்டு.

தீயவர்களுக்கான தீர்ப்புக் காலம் பன்னிரண்டு மாதம் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. பிள்ளை பன்னிரண்டு மாதமும் கதீஷ் சொன்னால் தன் தாயைத் தீயவளாகவே எண்ணிவிட்டது போலாகும். அதனால் அஷ்கெனாசிகள் பதினொரு மாதத்தோடு நிறுத்துகிறார்கள், அதிலும் ஒரு நாள் முன்னதாக. அடக்க நாளிலிருந்து எண்ணினால், நம் உதாரணத்தில் கடைசிக் கதீஷ் ஷெவாத் மாதம் 9, அதாவது 2026 ஜனவரி 27. செஃபார்திகளின் கணக்கு சமூகத்துக்குச் சமூகம் மாறும்.

துக்க காலம் வேறு, கதீஷ் காலம் வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். கதீஷ் நின்றாலும் திருமண விருந்து, இசைக் கச்சேரி ஆகியவற்றைத் தவிர்ப்பது பன்னிரண்டாம் மாதம் முடியும்வரை தொடரும். எபிரேய ஆண்டில் சில சமயம் பதின்மூன்று மாதம் வந்தாலும் பன்னிரண்டுதான். கணவனுக்கும் பிள்ளைக்கும்கூட விதிப்படியான துக்கம் முப்பது நாளோடு முடிகிறது. பன்னிரண்டு மாதம் என்பது பெற்றோருக்கு மட்டுமே.

மகள் கதீஷ் சொல்லலாமா?

ஹடாசா பெண்கள் அமைப்பை 1912இல் தொடங்கிய ஹென்ரியெட்டா சோல்டின் பெற்றோருக்கு எட்டு மகள்கள், ஆண் பிள்ளை இல்லை. 1916இல் அவருடைய தாய் இறந்தபோது, குடும்ப நண்பர் ஹைம் பெரெட்ஸ் மகனுடைய இடத்தில் நின்று தானே கதீஷ் சொல்வதாக முன்வந்தார். சோல்ட் அவருக்கு நன்றி சொல்லி, மறுத்து, அது தன் கடமை என்று கடிதம் எழுதினார். இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இன்றும் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார்கள்.

கன்சர்வேடிவ், ரிஃபார்ம் சபைகளில் இது இன்று ஒரு கேள்வியே இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் சில அனுமதிக்கும், சிலவற்றில் ஆண் ஒருவர் கூடவே சொல்ல வேண்டும் என்பார்கள், சில ஏற்காது. முதல் நாளே போய் ரப்பியிடம் கேட்டுவிடுங்கள். தொழுகை நடுவே முகம் சுளிக்கப்படுவது அம்மாவை இழந்து நிற்பவளுக்குத் தேவையில்லாத வேதனை.

ஆண்டு நினைவு நாளை எப்படிக் கணக்கிடுவது?

யார்சைட் எனப்படும் இந்த நாள் எபிரேயத் தேதிப்படி வருகிறது. திவசத்தைத் திதி பார்த்துச் செய்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம், ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் நகரும். கைபேசியில் மார்ச் 10 என்று குறித்துவைப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. அம்மா அதே மார்ச் 10 இரவு எட்டு மணிக்கு இறந்திருந்தால் தேதி அதார் 11 ஆகிவிடும். எனவே இறந்த நேரத்தையும் ஊரையும் எழுதிவையுங்கள். இறப்புச் சான்றிதழில் தேதி மட்டும் இருப்பது போதாது.

அதார் 10 என்றால் 2026இல் பிப்ரவரி 27, வெள்ளி. விளக்கேற்றுவது முந்தின நாள் வியாழன் மாலை. 2027இல் சிக்கல் வருகிறது. எபிரேய நாள்காட்டியில் 19 ஆண்டுக்கு 7 முறை அதார் மாதம் இரண்டாக வரும். 5787 அப்படிப்பட்ட ஆண்டு. அஷ்கெனாசிகள் முதல் அதாரில், பிப்ரவரி 17 அன்று அனுசரிப்பார்கள், சிலர் இரண்டிலும் செய்வார்கள். செஃபார்திகள் இரண்டாம் அதாரில், மார்ச் 19. அண்ணன் ஒரு நாளும் தங்கை ஒரு நாளும் விளக்கேற்றிவிட்டு யார் சரி என்று சண்டை போடுவது இந்த ஆண்டுகளில்தான். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

அடக்கம் சில நாள் தள்ளிப்போயிருந்தால் முதல் ஆண்டு மட்டும் அடக்கத் தேதியில் அனுசரிப்பது சிலர் வழக்கம்.

யார்சைட் மெழுகுவர்த்தியில் கவனிக்க வேண்டியது என்ன?

கண்ணாடிக் குவளையிலோ தகரத்திலோ வார்த்த, 24 மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும் வர்த்தி. எண்ணெய் விளக்கும் ஏற்றலாம். சூரியன் மறையும் முன் ஏற்றி, அதுவாக அணையும்வரை விட வேண்டும். சபாத் மாலையில் வந்தால் இதை ஏற்றிவிட்டுத்தான் சபாத் விளக்கு. கண்ணாடிக் குவளை கடைசி மணி நேரத்தில் சூடேறிச் சில சமயம் விரிசல் விடும். பீங்கான் தட்டில், திரைச்சீலையும் மரமும் அருகில் இல்லாத இடத்தில், பலர் செய்வதுபோலப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். தீ வைக்க முடியாத மருத்துவமனை, முதியோர் இல்லங்களில் மின்விளக்கை ரப்பிகள் அனுமதிக்கிறார்கள்.

யிஸ்கோர் என்ற நினைவுத் தொழுகை எப்போது?

அஷ்கெனாசி வழக்கில் ஆண்டுக்கு நான்கு முறை, புனித நாள்களில்: யோம் கிப்பூர், ஷெமினி அட்செரெத், பஸ்காவின் கடைசி நாள், ஷாவுவோத். பெற்றோர் இருவரும் உயிரோடு உள்ளவர்கள் அந்தச் சில நிமிடங்கள் வெளியே போய்விடுவார்கள்.

கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது? எப்போது வைப்பது?

இஸ்ரேலில் முப்பதாம் நாளை ஒட்டி. அமெரிக்காவில் பெரும்பாலும் ஓராண்டு நிறையும் முன். எபிரேயப் பெயர், தகப்பன் பெயர், எபிரேயத் தேதி ஆகியவை அடிப்படை. கீழே ஐந்து எழுத்துச் சுருக்கம் ஒன்று: அவளுடைய ஆத்துமா ஜீவனுள்ளோருடைய கட்டிலே கட்டப்பட்டிருப்பதாக. 1 சாமுவேல் 25:29இல் அபிகாயில் தாவீதிடம் சொன்ன வார்த்தைகளிலிருந்து எடுத்தது. பெண்கள் கல்லில் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைச் செதுக்குவது பழைய ஐரோப்பிய வழக்கம். வெள்ளி மாலை விளக்கேற்றியவள் என்பதன் அடையாளம். நீதிமொழிகள் 31இன் "குணசாலியான ஸ்திரீ" பகுதியிலிருந்தும் ஒரு வரி போடுவார்கள். 22 வசனமும் எபிரேய அகரவரிசையில் தொடங்கும் அந்தப் பாட்டு, பல வீடுகளில் வெள்ளி இரவு மேசையில் பாடப்படுவது.

பிழை நேர்வது எழுத்தில். எபிரேயத்தில் தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஹேத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மொழி தெரியாத கல்தச்சர் மாற்றிச் செதுக்கிவிட்டால் கல்லையே மாற்ற வேண்டியதுதான். மாதிரித் தாளை எபிரேயம் தெரிந்த இருவரிடம் தனித்தனியாகக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகு செதுக்கச் சொல்லுங்கள். அம்மாவின் எபிரேயப் பெயர் தெரியவில்லையென்றால், திருமண ஒப்பந்தமான கெதுபாவில் இருக்கும்.

கல்லறைக்குப் போகும்போது பூவுக்குப் பதிலாக ஒரு சிறு கூழாங்கல்லை மேலே வைப்பார்கள்.

இரங்கலுரையில் எவ்வளவு புகழலாம்?

16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அருக் இதற்கே விதி வைத்திருக்கிறது: இருந்த நற்குணத்தைச் சொல், கொஞ்சம் கூட்டிச் சொல், அளவு மீறாதே. ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். "அன்பானவர், பாசமானவர்" என்பதெல்லாம் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். வெள்ளி மதியம் யார் யாருக்குச் சூப் கொடுத்தனுப்பினார், யாரோடு எதற்காகச் சண்டை போட்டார் என்பது ஒருவருக்குத்தான் பொருந்தும். பேரப்பிள்ளைகள் பலர் பேசினால் ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். பஸ்கா வரும் நிசான் மாதத்திலும் ஹனுக்காவிலும் பொதுவாக இரங்கலுரை இல்லை.

பாட்டியின் சபாத் ரொட்டியை அவர் நினைவாகச் செய்ய விரும்புகிறோம். அளவு?

பாட்டி அளவு எழுதிவைத்திருக்க மாட்டார். அவரோடு சமைத்த சித்தியோ அத்தையோ இருந்தால், அவர் கையால் அள்ளட்டும். நீங்கள் மாவு டப்பாவைத் தராசில் வைத்து, அள்ளுவதற்கு முன்னும் பின்னும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஒரு கப் எவ்வளவு" என்று கேட்டால் சரியான விடை வராது.

யாருமே இல்லையென்றால் இந்த அளவில் தொடங்கலாம்: மைதா 1 கிலோ, தண்ணீர் 420 மி.லி., முட்டை 2, எண்ணெய் 100 மி.லி., சர்க்கரை 100 கிராம், உப்பு 18 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 12 கிராம். பத்து நிமிடம் பிசைந்து, இரட்டிப்பாகும்வரை மூடிவையுங்கள். குளிர்ந்த ஊரில் ஒன்றரை மணி நேரம், சென்னை வெயிலில் முக்கால் மணியே போதும். அதற்குமேல் விட்டால் பின்னல் அடுப்பில் தட்டையாகிவிடும். பின்னி, 40 நிமிடம் விட்டு, முட்டை தடவி, 180 டிகிரியில் 30 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றொலி வர வேண்டும். பால், வெண்ணெய் சேர்க்காதீர்கள், கோஷர் விதிப்படி இறைச்சிச் சாப்பாட்டோடு வைக்க முடியாமல் போகும்.

மாவில் ஒரு சிறு துண்டைப் பிரித்தெடுத்து எரிக்கும் கட்டளை பெண்களுக்கு உரியது. தாயின் நினைவாகப் பெண்கள் கூடி ரொட்டி பிசைவது இதற்காகத்தான். 1 கிலோ மாவுக்கு அந்தக் கடமை வராது. சுமார் 1.2 கிலோவுக்கு மேல் ஆசி சொல்லாமல் பிரிக்கலாம், ஆசியோடு பிரிக்கக் குறைந்தது 1.7 கிலோ அளவு வேண்டும் என்பது பரவலான கணக்கு. ஆசி சொல்ல விரும்பினால் மேலே உள்ள அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பிறக்கும் குழந்தைக்குப் பாட்டி பெயரை வைக்கலாமா?

அஷ்கெனாசிகள் இறந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள், உயிரோடு இருப்பவர் பெயரை வைப்பதில்லை. செஃபார்திகள் உயிரோடு இருக்கும் பாட்டியின் பெயரை அவருக்கு மரியாதையாக வைப்பார்கள். கலப்புக் குடும்பத்தில் இதைப் பிரசவத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால், உயிரோடு இருக்கும் பாட்டி சீக்கிரம் சாக வேண்டுமென்று நினைத்ததாக ஒரு தரப்பு எடுத்துக்கொள்ளும்.

கொச்சி யூதப் பெண்களின் நினைவு எப்படிக் காக்கப்படுகிறது?

முக்கியமாகப் பாட்டால். திருமணத்திலும் பண்டிகையிலும் பெண்கள் பாடிய மலையாளப் பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து வந்தார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது நோட்டுகளும் கூடவே போயின. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், நாளடைவில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, மெட்டுத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். நோட்டில் மெட்டு கிடையாது.

மட்டாஞ்சேரியில் தையல் வேலைப்பாட்டுக் கடை நடத்திய சாரா கோஹன் 2019 ஆகஸ்ட் 30 அன்று 96 வயதில் காலமானார். அங்கே இன்று பத்துப் பேர் சேர வெளியூர்ப் பயணிகளை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. கொச்சியில் யார்சைட் அனுசரிக்க வருபவர்கள் மின்யானை முன்பே ஏற்பாடு செய்துகொண்டு வர வேண்டும்.

நினைவு நாளை மறந்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?

நினைவு வந்ததும் விளக்கேற்றி, தருமம் கொடுத்து, அடுத்த தொழுகையில் கதீஷ் சொல்லலாம். தருமத்தை 18, 36, 54 என்று பதினெட்டின் மடங்காகக் கொடுப்பது வழக்கம். அடுத்த இருபது ஆண்டுக்கான தேதிகளை எபிரேய நாள்காட்டி மென்பொருள் ஒன்றில் எடுத்து அச்சிட்டு, உடன்பிறந்தோர் எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.